வெயில் கீழிருந்து அடிப்பதில்லை

டொரன்டோவிலோ லண்டனிலோ செல்லப்பிராணிக் கடை ஒன்றில் நுழைந்து, ராட் ஸ்நேக் வளர்க்க என்னென்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடித் தொட்டி, தண்ணீர்க் கிண்ணம், பாம்பு ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் பொந்து, தொட்டியின் அடியில் ஒட்ட, மின்சாரத்தில் சூடாகும் ஒரு விரிப்பு, அதாவது ஹீட் மேட் என்று எடுத்து வைப்பார்கள். விளக்கு வேண்டாமா என்று கேட்டால், ‘வேண்டாம், பாம்புக்கு வயிற்றில்தான் சூடு படவேண்டும், அப்போதுதான் தின்றது செரிக்கும்’ என்பார்கள். கடைக்காரர் மட்டுமல்ல, பல வருடம் பாம்பு வளர்த்தவர்களும் இதையே சொல்வார்கள். பழைய வளர்ப்புக் கையேடுகளும் இதையே சொல்லும். இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்லியும் இது தவறு. மரமேறும் பழக்கமும் வெயில் காயும் பழக்கமும் உள்ள ராட் ஸ்நேக்குகளுக்கு இது தவறு மட்டுமல்ல, தீங்கும்கூட.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வயல் வரப்பில் எலி பிடித்துத் திரியும் சாரைப்பாம்பைப் பற்றியல்ல. அதைப் பிடித்து வீட்டில் வைப்பது இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அந்த எண்ணமே யாருக்கும் வர வேண்டாம். நான் சொல்வது வட அமெரிக்காவின் பான்தெரோபிஸ் பேரினத்துப் பாம்புகளை: செம்மஞ்சள் திட்டுகள் கொண்ட கார்ன் ஸ்நேக், கறுப்பு ராட் ஸ்நேக், டெக்சஸ் ராட் ஸ்நேக், இவற்றின் உறவுகள். இவற்றுக்கு நஞ்சு கிடையாது. எலியும் பறவைக் குஞ்சும் முட்டையும்தான் இரை. கூண்டிலேயே பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சட்டப்படி விற்கப்படுகின்றன. வீட்டுக்கு வரும் முதல் பாம்பு பெரும்பாலும் கார்ன் ஸ்நேக்தான். நன்றாக வைத்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் கூடவே இருக்கும் உயிர். அதனால்தான் முதல் நாளில் நம்பும் தவறான ஒரு வாக்கியம் இருபது வருடத் துன்பமாக நீள்கிறது.

‘வயிற்றுச் சூடு’ வாதம் நிற்பது செரிமானத்தின் மேல். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே மீதிப் பாதியை யாரும் கேள்வி கேட்கவில்லை. பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரை விழுங்கிய பிறகு சூடு போதாவிட்டால் செரிமானம் நின்றுபோகும். வயிற்றுக்குள் அழுகத் தொடங்கிய எலியைக் கக்கிவிடும். இரை எடுத்த ஊர்வன சில கூடுதல் சூடான இடத்தைத் தேடிப் போகின்றன என்று பிலிப் ரீகல் 1966இலேயே எழுதினார். 1979இல் கிரீன்வால்டும் கான்டரும் கார்ன் ஸ்நேக்கையே வைத்து, வெப்பம் கூடும்போது செரிமானம் விரைவதைக் காட்டினார்கள். இந்த ஆய்வுகள் பேசுவது உடலின் வெப்பத்தைப் பற்றி. உடல் சூடாக வேண்டும் என்பது எப்படி வயிற்றுத்தோல் சூடாக வேண்டும் என்று மாறியது? செரிமான நொதிக்குச் சூடு மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று தெரியாது. ஒரு கார்ன் ஸ்நேக்கின் முதுகுக்கும் குடலுக்கும் இடையில் இருப்பது ஓரிரு சென்டிமீட்டர் தசை. முதுகில் வாங்கிய சூட்டை ரத்தம் உடல் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வயிற்றுக்கென்று தனியாக ஒரு அடுப்பு தேவைப்படுவதாக இந்தப் பாம்பின் உடலமைப்பில் எதுவும் இல்லை.

காட்டில் இந்தப் பாம்புகள் என்ன செய்கின்றன என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கனடாத் தமிழர்களுக்கு இந்த இடம் தூரமில்லை. டொரன்டோவிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டினால் கிங்ஸ்டன், அதற்கு வடக்கே ஒப்பினிகான் ஏரிக்கரையில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வு நிலையம். ஒன்டாரியோவின் மிகப் பெரிய பாம்பான ராட் ஸ்நேக் அந்தக் காடுகளில் வாழ்கிறது. அது சட்டப் பாதுகாப்பில் இருக்கும் பாம்பு, தொடக்கூடாது. அங்கே காப்ரியேல் ப்ளூயின்-டெமெரும் பாட்ரிக் வெதர்ஹெட்டும் பாம்புகளின் உடலுக்குள் சிறு ரேடியோ அலைபரப்பிகளை வைத்து, அவை எங்கே போகின்றன, உடல் என்ன சூட்டில் இருக்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். 2001இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் பாம்பு வளர்க்கும் எவரும் படிக்க வேண்டியவை. அந்தப் பாம்புகள் விரும்பித் தேர்ந்த உடல்வெப்பம் 26.5 முதல் 29.8 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த அந்த வட்டாரத்தில் அந்த அளவை எட்டுவது எளிதல்ல. அதை எட்டுவதற்காக அவை காட்டின் நடுவே தங்காமல், காடும் வெட்டவெளியும் சந்திக்கும் ஓரங்களைத் தேடி வந்தன. இரை கொடுத்து விடப்பட்ட பாம்புகள் அந்த ஓரங்களில் இன்னும் அதிகம் தங்கின, அவற்றின் உடற்சூடும் கூடியிருந்தது.

காட்டின் ஓரத்தில் அப்படி என்ன இருக்கிறது? வெயில் இருக்கிறது. வெயிலுக்குப் பக்கத்திலேயே நிழலும் இருக்கிறது. சற்று நகர்ந்தால் சூடு, சற்றுப் பின்வாங்கினால் குளிர்ச்சி. வயிறு நிறைந்த பாம்பு அடியில் சூடான தரையைத் தேடி மண்ணுக்குள் இறங்கவில்லை. தலைக்கு மேல் சூரியன் இருக்கும் இடத்தைத் தேடி வந்தது. ஊர்வன தங்கள் உடற்சூட்டை நடத்தையாலேயே, அதாவது இடம் மாறி மாறி, நுட்பமாகக் காத்துக்கொள்கின்றன என்று ரேமண்ட் கௌல்ஸும் சார்லஸ் போகெர்ட்டும் பாலைவன ஊர்வனவற்றை வைத்து 1944இலேயே நிறுவிவிட்டார்கள். எண்பது வருடமாக அறிவியலுக்குத் தெரிந்த இந்த விஷயம், பாம்பு விற்கும் அட்டைப்பெட்டியின் முதுகில் இன்னும் அச்சேறவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கோடை இரவில் பாம்புகள் தார்ச்சாலையில் வந்து படுக்கின்றன. சூடான கல்லின் அடியிலும் தகரத்தின் அடியிலும் பதுங்குகின்றன. வயிற்றின் வழியாகச் சூடு வாங்குவதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். தொட்டுக் கிடந்து சூடு வாங்குவது பாம்புக்குத் தெரிந்த வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலைக்கும் கல்லுக்கும் சூடு எங்கிருந்து வந்தது? பகல் முழுக்க மேலிருந்து அடித்த வெயிலிலிருந்து. இரவு ஏற ஏற அந்தச் சாலை ஆறிக்கொண்டே போகும். ஹீட் மேட் ஆறுவதில்லை. பெட்டியின் ஒரு முனையில் ஹாலஜன் விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழ் தட்டையான ஒரு கடப்பாக்கல்லையோ ஸ்லேட் பலகையையோ வையுங்கள். கல் சூடாகும். பாம்பு அதன்மேல் படுத்தால் முதுகுக்கும் சூடு கிடைக்கும், வயிற்றுக்கும் கிடைக்கும். விளக்கை அணைத்த பிறகு கல் மெல்ல ஆறும், அந்தி நேரத்துச் சாலை போலவே. விளக்கு இரண்டு வழியையும் தருகிறது, மேட் ஒன்றை மட்டும் தருகிறது. தார்ச்சாலை உதாரணத்தைச் சொல்பவர்கள் தங்களை அறியாமல் விளக்குக்குத்தான் வாதாடுகிறார்கள்.

ஹீட் மேட்டின் ஆகப் பெரிய கேடு அது பாம்பின் தப்பிக்கும் அறிவையே பாம்புக்கு எதிராகத் திருப்பிவிடுவது. நிலத்தின் மேல்பரப்பு கொதிக்கும்போது, ஒரு முழம் கீழே மண் குளிர்ந்திருக்கும். பாம்பு இனத்துக்கு இது கோடிக்கணக்கான வருடத்துப் பாடம்: சூடு தாளவில்லையென்றால் கீழே போ. அடியில் மேட் ஒட்டிய தொட்டியில் பாம்பு அதே பாடத்தை நம்பி மரத்தூளைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. கீழே இறங்க இறங்கச் சூடு கூடுகிறது. கடைசியில் கண்ணாடியைத் தொட்டுச் சுருண்டு கிடக்கிறது. அங்கே வேறொரு விபரீதமும் சேர்கிறது. மேட்டின் சூடு மேலே போய்க் கலைய வேண்டும். தடித்த மரத்தூளும் அதன்மேல் சுருண்ட பாம்பின் உடலும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. வெளியேற முடியாத சூடு அந்த இடத்திலேயே தேங்கி ஏறுகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சுடும் கண்ணாடி, வேறெங்கும் சூடில்லை. இந்த நிலையில் பாம்பு அந்த இடத்தைவிட்டு நகராமல் கிடப்பதில் வியப்பில்லை. வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, கொப்புளம் கண்டு, உரிந்து வரும் சூட்டுப்புண்களோடு பாம்புகள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுவரப்படுவது இப்படித்தான். பாம்புக்குச் சூடு உறைக்காது என்று சிலர் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். உறைக்கும். போக வேறு இடம் இல்லாமல் அதைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போட்டால் சரியாகிவிடாதா என்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது கண்ணாடியையே விரிசல் விடச் செய்யும். தெர்மோஸ்டாட் போட்டவர்களும் அதன் உணரியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். பலர் தொட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டு, 30 டிகிரிக்குத் திருகிவிடுகிறார்கள். மேட்டால் காற்றைச் சூடாக்க முடியாது. குளிர்காலத்தில் வீட்டின் வெப்பம் 20, 21 டிகிரி. தொட்டிக் காற்று அதைவிட ஓரிரு டிகிரிதான் கூடும். உணரிக்கு 30 எட்டாது, அதனால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டவே வெட்டாது. மேட் இரவும் பகலும் முழு வேகத்தில் எரியும், தரை தீயாகும். காவலுக்கு வைத்த கருவியே தீங்குக்குத் துணை போகிறது. உணரியை மேட்டின் மேலேயே ஒட்டினால் தரை சுடாது, அது உண்மை. அப்போதும் காற்று குளிர்ந்தே இருக்கும். வயிறு 31 டிகிரியில் கிடக்க, பாம்பு உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் 21 டிகிரியில் போகிறது. பாம்புகளுக்கு வரும் நுரையீரல் தொற்றுகளுக்குக் குளிர்ந்த பெட்டி ஒரு முக்கியக் காரணம் என்பதை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மூக்கில் குமிழி விட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பாம்பைக் கொண்டுவருபவர், ‘மேட் சரியாகத்தான் ஓடுகிறது’ என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மேட் சரியாகத்தான் ஓடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவை தரையோடு கிடக்கும் பாம்புகள் அல்ல. கறுப்பு ராட் ஸ்நேக்கின் அடிவயிறு பாண் துண்டுபோலத் தட்டையானது, வயிற்றுச் செதில்களின் ஓரம் மடிந்து கூராக இருக்கும். அந்த ஓரத்தால் மரப்பட்டையின் வெடிப்புகளைப் பற்றிக்கொண்டு செங்குத்தான மரத்தில் நேராக ஏறும். மரப்பொந்தில் தங்கும், கிளையில் வெயில் காயும். இப்படிப்பட்ட பாம்புக்கு நல்ல உயரமான பெட்டி வாங்கி, நல்ல கிளையும் வைத்துவிட்டு, சூட்டை மட்டும் தரையில் வைத்தால் என்ன ஆகும்? ஏற வேண்டுமென்றால் குளிரில் ஏற வேண்டும், சூடு வேண்டுமென்றால் ஏறக்கூடாது. அந்தக் கிளை வெறும் அலங்காரமாகிவிடும். ‘என் பாம்பு ஏறுவதே இல்லை, அதற்கு ஏறப் பிடிக்காது’ என்று பிறகு சொல்வார்கள்.

சூட்டின் தன்மை பற்றி விளக்குக்காரர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. ஹாலஜன் விளக்கின் இழை 2,700 கெல்வினுக்கு மேல் தகிக்கிறது. அதன் கதிர்வீச்சின் உச்சம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அலைநீளத்தில், சூரியனிடமிருந்தும் ஏராளமாக வரும் குறு அகச்சிவப்புப் பகுதியில் அமைகிறது. அந்தக் கதிர் தோலைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் தசைக்குள் போகும். 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் மேட்டின் உச்சம் 9 மைக்ரானுக்கு மேல். அது தோலின் மேற்படலத்திலேயே நின்றுவிடும். இயற்பியல் இவ்வளவும் சரி. ஆனால் இதன்மேல் பெரிய பெரிய மருத்துவப் பலன்களை ஏற்றிச் சொல்பவர்களோடு நான் இல்லை. மேட்டை மறுக்க அந்த மிகைகள் தேவையில்லை. பாம்பு காட்டில் எங்கிருந்து சூடு வாங்குகிறது, பெட்டியில் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, வயிற்றுச் செதில் ஏன் வெந்துபோகிறது என்ற மூன்றே போதும்.

அப்படியானால் இந்த நம்பிக்கை இவ்வளவு வேரூன்றியது எப்படி? ஆயிரக்கணக்கில் பாம்பு பெருக்கி விற்பவர்களின் அறைகளுக்குள் போனால் புரியும். மேசை இழுப்பறைகளைப் போல அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு, டப்பாக்களின் பின்புறத்திலோ அடியிலோ நீளமாக ஓடும் வெப்பப் பட்டை. ஒரே தெர்மோஸ்டாட்டில் நூறு பாம்பு. ஒரு சாண் உயரமுள்ள டப்பாவுக்குள் விளக்குப் போட முடியாது. போட்டால் பிளாஸ்டிக் உருகும். அந்த முறைக்குப் பொருந்தும் ஒரே சூடு அடிச்சூடுதான். விற்பவரின் வசதிக்காகப் பிறந்த முறை அது. பாம்பு பெருக்குவதில் கைதேர்ந்தவர் என்பதால் அவர் சொல் வேதவாக்கானது. அவர் தன் டப்பாவுக்குச் சொன்னதை, வாங்கிப்போனவர் தன் வீட்டுப் பெட்டிக்கும் எடுத்துக்கொண்டார். ‘என்னால் விளக்குப் போட இயலாது’ என்பது கை மாறிக் கை மாறி, ‘பாம்புக்கு விளக்குத் தேவையில்லை’ என்று ஆகிவிட்டது. இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரத்தை யாரும் அளக்கவில்லை.

‘பன்னிரண்டு வருடமாக மேட்டில்தான் வைத்திருக்கிறேன். ஒழுங்காகத் தின்கிறது, சட்டை உரிக்கிறது, முட்டையும் இட்டது. என்ன குறை கண்டீர்கள்?’ இந்த மறுமொழியைக் கேட்காமல் யாரும் இந்த விவாதத்தைத் தாண்ட முடியாது. அனுபவத்திலிருந்து வருவதால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. ஆனால் அது எதை நிரூபிக்கிறது? ராட் ஸ்நேக்குகள் கடினமான உயிர்கள் என்பதை. நெருக்கக் கூண்டில் அடைத்த கோழியும் தீனி தின்கிறது, நாள் தவறாமல் முட்டை இடுகிறது. அதைக் காட்டி அந்தக் கூண்டு கோழிக்கு உகந்தது என்று யாரும் சொல்வதில்லை. உயிரோடிருப்பதும் இனம் பெருக்குவதும் அடித்தளம். அதற்கு மேல் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பகலில் அது வெளியே வருகிறதா? உடலை நீட்டிக் கிடக்க இடம் தேடுகிறதா? சூட்டிலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து சூட்டுக்கும் தானாக நகர்கிறதா, அல்லது ஒரே பொந்துக்குள் ஒரே சுருளாக வாரக்கணக்கில் கிடக்கிறதா? அப்படிக் கிடப்பதைத்தான் ‘சாதுவான பாம்பு’ என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், உயிர் பிழைத்திருந்தால் போதும் என்று விட்டுவிடவில்லை. வளர்க்கப்படும் விலங்குக்குத் தகுந்த சூழலும் இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் வாய்ப்பும் வேண்டும் என்கிறது. பாம்பும் அதற்குள் அடங்கும்.

இரவில் திரியும் பாம்புக்கு எதற்கு வெளிச்சம் என்பது அடுத்த வாதம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கறுப்பு ராட் ஸ்நேக் பகலில் நடமாடும். கோடை தகிக்கும்போதுதான் இரவுக்கு மாறும். நேரத்தை முடிவு செய்வதே சூடுதான். கார்ன் ஸ்நேக் இருட்டை அதிகம் விரும்பும் என்பது சரி. ஆனால் அதன் உடலுக்கும் பகல் வெளிச்சம் பயன்படுகிறது: 2008இல் மார்க் அசியெர்னோவும் உடன் ஆய்வாளர்களும் புற ஊதா விளக்கின் கீழ் வைக்கப்பட்ட கார்ன் ஸ்நேக்குகளின் ரத்தத்தில் வைட்டமின் டி3 அளவு உயர்ந்ததைக் காட்டினார்கள். வெயிலோடு உறவே இல்லாத உயிரின் தோல் அப்படி நடந்துகொள்ளாது. இரவுக்கென்று விற்கும் சிவப்பு விளக்கை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். பாம்புக்குச் சிவப்புத் தெரியாது என்பது கட்டுக்கதை. அதன் கண்ணில் நீண்ட அலை ஒளியை உணரும் நிறமி இருக்கிறது. இரவெல்லாம் அதன் முகத்தில் விளக்கடிப்பதாகவே அது முடியும்.

விளக்கின்மேல் சொல்லப்படும் குறைகள் மூன்று, மூன்றும் உண்மையானவை. முதலாவது, பாம்பு விளக்கில் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். ஆம், பெட்டிக்கு உள்ளே திறந்த விளக்கை வைத்தால் கட்டாயம் நடக்கும். கம்பிக் கூடு போட்டுத்தான் வைக்க வேண்டும், அல்லது வலைமூடிக்கு வெளியே வைக்க வேண்டும். இதில் விதிவிலக்கே இல்லை. இரண்டாவது, விளக்கு காற்றைக் காய வைக்கும், சட்டை துண்டு துண்டாக உரியும். கனடாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று ஏற்கெனவே வறண்டது, அதனால் இந்தக் கவலை நியாயமானது. குளிர்ந்த பக்கத்தில் ஈரப் பாசி நிறைத்த மூடிய பொந்து ஒன்று, பாம்பு முழுக்க இறங்கிக் கிடக்கும் அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம் ஒன்று, வலைமூடியின் பெரும்பகுதியை அடைத்துவைப்பது. இவற்றால் இது தீரும். மேட் வைத்தவர்களும் ஈரப்பதத்துக்கு இதே பாட்டைப் படத்தான் வேண்டும்.

மூன்றாவது செலவு. 75 வாட் ஹாலஜன் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 0.9 யூனிட். 16 வாட் மேட் நாள் முழுக்க ஓடினாலும் 0.4 யூனிட்டைத் தொடாது. வித்தியாசம் உண்டு. ஒளி மட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போட்டால் விளக்கு முழு வேகத்தில் எரியாது, வித்தியாசம் குறையும். ஆனாலும் விளக்குத்தான் செலவு, அந்தத் தெர்மோஸ்டாட்டும் விலை கூடியது. இதை மறைத்து யாரையும் பாம்பு வாங்க வைக்கக் கூடாது. கடையில் காட்டும் மலிவான பெட்டித் தொகுப்பின் விலை, பாம்பு வளர்ப்பதன் விலை அல்ல.

விளக்கு மட்டும் போட்டுவிட்டால் எல்லா ராட் ஸ்நேக்குக்கும் ஒரே சூடு என்று நினைப்பதும் இதே சோம்பேறித்தனத்தின் மறுபக்கம். அந்தப் பெயரில் விற்கப்படும் எல்லாம் ஒரே மண்ணின் பாம்புகள் அல்ல. சீனாவின் மலைக்காடுகளைச் சேர்ந்த மாண்டரின் ராட் ஸ்நேக்குக்கு, கார்ன் ஸ்நேக் விரும்பும் 31 டிகிரி கொடுமையானது. இருபதுகளின் தொடக்கத்திலேயே அது நிம்மதியாக இருக்கும். அமூர் ஆற்றுப் பகுதியின் ரஷ்ய ராட் ஸ்நேக்கும் குளிரைத் தாங்கும் வகை. வாங்கும்போது விலங்கியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடைக்காரருக்கு அது தெரியவில்லையென்றால் அவர் சொல்லும் வெப்ப அளவும் நம்பத்தக்கதல்ல.

கார்ன் ஸ்நேக்குக்கும் கறுப்பு ராட் ஸ்நேக்குக்கும் நான் சரியென்று சொல்வது இது. நான்கடி நீளம், இரண்டடி உயரத்துக்குக் குறையாத பெட்டி, பாம்பு பெரிதென்றால் இன்னும் நீளம். நீளம் இல்லாவிட்டால் சூடும் குளிரும் ஒரே பெட்டிக்குள் இருக்க இடமில்லை; சின்னத் தொட்டியில் எந்தச் சூட்டுக் கருவியும் நியாயம் செய்ய முடியாது. ஒரு முனையில் கூடு போட்ட ஹாலஜன், கீழே கல், கல்லின் மேலாக விளக்கை நோக்கிச் சாயும் தடித்த கிளை. கல்லின் மேற்பரப்பு 30 முதல் 32 டிகிரி, எதிர்முனை 21 முதல் 24. ஒன்டாரியோப் பாம்புகள் தேர்ந்த 26.5 முதல் 29.8 என்பது உடலின் சூடு. மேற்பரப்பு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் பாம்பு வந்து ஏற்றிக்கொண்டு போக முடியும். இரண்டு முனையிலும் மறைவிடம் வேண்டும். குளிர்ந்த முனையில் மட்டும் மறைவிடம் வைத்தால், பயந்த பாம்பு சூட்டைவிட மறைவையே தேர்ந்தெடுக்கும். குளிரில் கிடந்து செரிக்காமல் கக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்டமுள் வெப்பமானியை நம்பவேண்டாம், அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை. உணரிக் கம்பியுள்ள டிஜிட்டல் மானி இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று, கல்லையும் கிளையையும் சுட்டிப் பார்க்க ஓர் அகச்சிவப்பு வெப்பமானி. பாம்பு வீட்டுக்கு வருவதற்கு முன் பெட்டியைச் சில நாள் வெறுமனே ஓட்டி, காலையிலும் மதியத்திலும் இரவிலும் அளந்து திருத்துங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டால் விறைத்துப் போகாதா என்று வளர்ப்பவர்கள் கவலைப்படுவது இயல்பு. அதற்காகவே பலர் இருபத்துநான்கு மணி நேரமும் மேட்டை ஓட விடுகிறார்கள். இரவில் சூடு குறைவது இந்தப் பாம்புகளுக்குத் தண்டனையல்ல, வழக்கம். கிங்ஸ்டன் பக்கத்துக் காட்டுப் பாம்புகள் ஆண்டில் ஏறக்குறைய பாதியை, நிலத்தடிப் பிளவுகளில் உறைபனிக்குச் சற்றே மேலான குளிரில் உறங்கிக் கழிக்கின்றன. வீட்டின் இரவு வெப்பம் 18 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஆரோக்கியமான பாம்புக்குத் தனிச்சூடு எதுவும் தேவையில்லை. அதற்கும் கீழே போகும் அறை என்றால் ஒளி தராத செராமிக் சூடேற்றியை மேலே, கூட்டுக்குள், தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். ஏற்கெனவே மேட் வாங்கிவிட்டவர்கள் அதைத் தொட்டியின் அடியிலிருந்து கழற்றிப் பக்கவாட்டுச் சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டி, உணரியை மேட்டின் மேலேயே வைத்து, அத்தகைய குளிர் இரவுகளில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். விடிந்ததும் அணைத்துவிட்டு விளக்கைப் போட வேண்டும்.